பின்படலை

நேற்று வரை ஒழுங்காக இயங்கிய கணினி இன்று மாலை திரை திறக்க மறுக்குமானால், வீட்டிலுள்ளோர் முதலிற் செய்யும் காரியம் அதற்குரிய காரணத்தை ஆராய்வது அன்று, குற்றவாளியைத் தேடுவதேயாகும். என் இல்லத்திலும் அவ்வாறே நடந்தது. தேடியவன் நான். கண்டுபிடித்துத் தீர்ப்பு வழங்கியவனும் நானே. அத்தீர்ப்பு எவ்வளவு பிழையானது என்பது மூன்றாம் நாள் இரவு, எட்டு மணிக்குச் சற்று முன்பாக வெளிப்பட்டது. இதைப்பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன், கூச்சம் தடுத்துவிட்டது.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தை நம்மவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. இவற்றுக்கு மேலாக மின்வெட்டு. அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் உள்ள சிறுபொழுதிலேயே தண்ணீர் இறைத்தல், தொலைபேசிக்கு மின்னேற்றுதல், பிள்ளைகளின் படிப்பு முதலிய யாவும் நடந்தேற வேண்டும். என் மகன் அப்பொழுது பேராதனையிலே பல்கலைக்கழக மாணவன். மகள் இங்கே யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பிலே புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓர் அலுவலகத்தில் இலிகிதன்.

எங்கள் கணினி மிகப் பழையது. விண்டோஸ் ஓட்டுவதற்கு அதனிடம் வலுவில்லை என்று கண்ட மகன், பேராதனைக்குப் புறப்படு முன்னர், லினக்ஸ் மின்ட் 19 என்னும் பதிப்பை அதில் நிறுவித் தந்தான். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்திலே லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை இன்று உலகெங்கும் பரவி, எங்கள் விறாந்தை மேசைக்கும் வந்து சேர்ந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதே எனக்கு அதிற் பிடித்த குணம். வீட்டார் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். மகன் ஒரு பயிற்சிக் கொப்பியிலே சில குறிப்புகளையும் எழுதி வைத்துவிட்டுப் போனான். அந்தக் கொப்பி இக்கதையிலே பின்னர் வரும்.

மகளுக்குப் பாடசாலையிலே ஒரு செயற்றிட்டம் கொடுத்திருந்தார்கள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் எங்கள் கிராமத்துக் கிணறுகள். யாழ்ப்பாணத்திலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறிவிடுகிறது. இதை நேரிற் காண வேண்டும் என்று 14 கிணறுகளைத் தெரிந்தெடுத்து, கயிற்றிலே கல்லைக் கட்டி இறக்கி, காலை வேளைகளில் நீர்மட்டத்தை அளந்தாள். எந்தக் கிணறு எந்தக் காலத்தில் உவர்த்தது என்று கிழவிமாரிடம் கேட்டு எழுதினாள். ஆறு வாரத்து உழைப்பு அது. யாவற்றையும் கணினியிலே தட்டச்சுச் செய்து அட்டவணைகளும் போட்டிருந்தாள். 28ஆந் திகதி திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

25ஆந் திகதி, வெள்ளிக்கிழமை மாலை. மின்சாரம் வந்தது. மகள் கணினியை இயக்கினாள். வழமைபோலப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அழகிய திரை தோன்றிற்று. கடவுச்சொல்லைக் கொடுத்தாள். திரை ஒரு கணம் கறுத்தது; மீண்டும் அதே திரை வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்டது. மறுபடி கொடுத்தாள். மறுபடி கறுத்தது, மறுபடி கேட்டது. பிழை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவரை “வாருங்கள், வாருங்கள்” என்று உள்ளே அழைத்து, உள்ளே கால் வைத்ததும் வெளியே கொண்டுவந்து விட்டு, மீண்டும் “வாருங்கள்” என்று சொல்லும் வீட்டுக்காரரை எண்ணிப் பாருங்கள். அப்படி இருந்தது.

பத்து முறை முயன்றபின் என்னை அழைத்தாள். நானும் பத்து முறை முயன்றேன். பின்பு, தந்தையர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

“என்ன செய்தாய் பிள்ளை?”

“நான் ஒன்றும் செய்யவில்லை, அப்பா.”

“ஒன்றும் செய்யாமல் இப்படி வருமா? சிநேகிதிகளுடைய பென்ட்ரைவ் எல்லாவற்றையும் கொண்டுவந்து செருகுவது யார்?”

இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை இங்கே எழுத மனமில்லை. அவள் எதிர்த்துப் பேசவில்லை, அறைக்குள்ளே போய்விட்டாள். இரவு என் மனைவி வந்து, “இஞ்சாருங்கோ, பிள்ளை சாப்பிடவில்லை” என்றாள். பசித்தால் சாப்பிடுவாள் என்றேன்.

சனிக்கிழமை நகரத்திலுள்ள ஒரு திருத்துநரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். அவர் இயந்திரத்தைக் காணாமலே நோயைத் தீர்மானித்துவிட்டார். உள்ளே இருப்பது முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டுமாம். வேறு வழி கிடையாதாம். கொண்டுபோகலாம் என்றாலும் மோட்டார் சைக்கிளிலே பெற்றோல் இல்லை. அதை இப்பொழுது நினைக்கையில், அந்தப் பெற்றோல் தட்டுப்பாடு எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுவென்று தோன்றுகிறது.

மகனைக் கேட்டிருக்கலாமே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அவனுக்குப் பரீட்சைக் காலம். அது மாத்திரமன்று, மகனிடம் உதவி கேட்பதிலே தந்தைக்கு ஒரு தயக்கமும் உண்டு. ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு என் மனைவியே அழைப்பெடுத்து, தொலைபேசியை என் கையிலே தந்தாள். எங்கள் பகுதிக்கு எட்டரை வரை மின்சாரம். அவன் தொலைபேசியிலோ மின்னேற்றம் குறைவு. எனவே சுருங்கப் பேசினோம். அவன் அன்று கேட்ட கேள்விகளின் ஒழுங்கை நான் மறக்கவில்லை. இத்தகைய தொல்லைக்கு ஆளாகும் வேறு குடும்பங்களுக்கும் அது பயன்படும்.

“அப்பா, கடவுச்சொல் கேட்கும் திரை படமாகத் தெரிகிறதா? அல்லது அதற்கு முன்னரே கறுத்துவிடுகிறதா?”

படமாகத் தெரிகிறது என்றேன். அப்படியானால் திரைக்கும் பழுதில்லை, படம் வரையும் அட்டைக்கும் பழுதில்லை, அதை ஓட்டும் மென்பொருளுக்கும் பழுதில்லை என்றான். அந்தத் திரையே வராதிருந்தால், விசேடமாக ஏதேனும் இற்றைப்படுத்தல் நடந்த மறுநாள் வராதிருந்தால், படஅட்டையின் ஓட்டி மென்பொருளையே முதலிற் சந்தேகிக்க வேண்டுமாம். அப்பொழுது இயந்திரம் தொடங்கும் வேளையில் வரும் பட்டியலிலே பழைய கேர்னலைத் தெரிந்து பார்க்கலாமாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

“வேண்டுமென்றே பிழையான கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.”

கொடுத்தேன். பிழை என்று உடனே சொல்லிற்று. சரியானதைக் கொடுத்தேன், கறுத்துத் திரும்பிற்று. இரண்டுக்கும் இப்படியொரு வேறுபாடு இருப்பதை இரண்டு நாளாக நான் கவனிக்கவேயில்லை. காவலாளி எங்களை அறிந்துகொள்கிறான், கதவையும் திறக்கிறான், ஆனால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்றான் மகன்.

“சரி. இனிப் பின்படலையாலே போவோம்.”

கொன்ட்ரோல், ஆல்ட் என்னும் இரு விசைகளையும் அழுத்தியவாறே மேல் வரிசையிலுள்ள எப்-3ஐ அழுத்தச் சொன்னான். அழகிய திரை மறைந்தது. கரிய பின்னணியிலே வெள்ளை எழுத்தில் ஒரு வரி மாத்திரம் நின்று பெயரைக் கேட்டது. இத்திரையை நான் முன்பு ஒரு முறை கண்டிருந்தேன். எங்கே, எப்பொழுது என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அல்லது நினைவுக்கு வர நான் விடவில்லை.

இந்த இடத்திலே ஒன்றை விளக்க வேண்டும். நாம் கணினி என்று கருதும் படங்களும் சாளரங்களும் உண்மையில் அதன் தலைவாசல் அலங்காரமே. லினக்ஸ் இயந்திரத்தில் அந்த அலங்காரத்தை நடத்துவது, எங்கள் பதிப்பிலே, எக்ஸ் என்னும் ஒற்றை எழுத்துப் பெயருடைய மென்பொருள். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே அது பிறந்தது. அதற்கு முன்னிருந்த ஒன்றின் பெயர் டபிள்யூ. ஆங்கில நெடுங்கணக்கிலே அடுத்த எழுத்து எக்ஸ் என்பதனால் அப்பெயர். பெயரிடுவதற்கு இதைவிடச் சோம்பலான முறை வேறு இருக்க முடியாது. அந்த எக்ஸ் விழுந்தாலும் வீடு விழுவதில்லை. எழுத்துத் திரையாகிய பின்படலை திறந்தே இருக்கும். உள்ளே பெட்டகமும் பாத்திரமும் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பின்படலையாலே உள்ளே போனோம். மகள் அறையிலிருந்து வந்து எனக்குப் பின்னாலே நின்றாள். “என்னுடைய கோப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கோ” என்று மெல்லக் கூறினாள். என்னிடம் அவள் இரண்டு நாளிலே பேசிய முதற் பேச்சு அது. எல், எஸ் என்ற இரண்டு எழுத்துக் கட்டளையைத் தட்டினேன். அவள் தன் கோப்புக்குத் தமிழிலே பெயர் வைத்திருந்தாள். அந்தக் கரிய திரைக்கோ தமிழெழுத்துத் தெரியாது. அதனிடமுள்ள எழுத்துருவிலே சில நூறு வடிவங்களே உள்ளன, நம் எழுத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரே வடிவான அடையாளங்கள் வரிசையாக நின்றன. கிணறுகளைப் பற்றிய கட்டுரை எது, பாட்டியின் திவசத்துக்கு எழுதிய அழைப்பு எது என்று அறிய வழியில்லை. மகன் சொன்னபடி நீண்ட பட்டியலை வரவழைத்தோம். அதிலே கோப்பின் பருமனும், கடைசியாக எழுதப்பட்ட நாளும் நேரமும் தெரியும். “புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் கடைசியாகச் சேமித்தேன்” என்றாள். 23ஆந் திகதி, 21 மணி 4 நிமிடம் என்று ஒரு வரி இருந்தது. அவள் என் கதிரையின் முதுகைப் பிடித்திருந்த பிடி தளர்ந்ததை உணர்ந்தேன்.

மகன் அடுத்துப் பார்க்கச் சொன்னது வட்டிலே இடம் இருக்கிறதா என்பதை. வட்டு முற்றாக நிரம்பிவிட்டாலும் இதே நோய், இதே குறியாம். உள்ளே வந்தவர் ஒரு சிறு துண்டு எழுதி வைக்கக்கூட இடமில்லாமற் போய்விடுமாம். டி, எப் என்னும் கட்டளை 61 வீதம் என்று காட்டிற்று. அதுவும் இல்லை.

“இனி, மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். புள்ளியிலே தொடங்கும் பெயர்களைப் பாருங்கள். அதிலே எக்ஸ்-ஓதோரிட்டி என்று ஒன்று இருக்கும். அதன் உரிமையாளர் யார்?”

ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் பெயர் இருந்தது. எங்கள் கணக்கின் பெயர், எங்கள் கணக்கின் பெயர், எங்கள் கணக்கின் பெயர். புள்ளி எக்ஸ்-ஓதோரிட்டி என்ற வரியிலே மாத்திரம் வேறொரு பெயர். ரூட்.

ரூட் என்பவர் அந்த இயந்திரத்தின் முழு அதிகாரி. எந்தக் கோப்பையும் ஆக்கவும் அழிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. நாம் கடவுச்சொல் கொடுத்து உள்ளே வரும்போது, காவலாளி ஓர் இரகசியச் சீட்டை உண்டாக்கி நம் வீட்டிலுள்ள அந்தக் கோப்பில் எழுதி வைக்கிறான். அதன்பின் திரையிலே படம் வரைய வரும் ஒவ்வொரு மென்பொருளும் அந்தச் சீட்டைக் காட்டியே எக்ஸிடம் அனுமதி பெறும். கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டால், நம்முடைய பெயரால் அதில் எழுதவும் முடியாது, வாசிக்கவும் முடியாது. சீட்டு இல்லை, படம் இல்லை, மீண்டும் வாசலுக்கு. இருபத்தைந்து ஆண்டுகளாக இலிகிதனாக இருப்பவனுக்கு இதை விளக்க மகன் சிரமப்படவில்லை. பெரியவர் தம் பெயருக்கு மாற்றி எடுத்து மேசையிலே பூட்டிவிட்ட கோப்பிலே, கீழேயுள்ளவன் ஒரு வரி எழுத முடியுமா?

“அப்பா, யாராவது சூடோ போட்டு ஸ்டார்ட்-எக்ஸ் கொடுத்தீர்களா?”

நான் பேசவில்லை. வரியின் நடுவிலே இருந்த நேரத்தை மகள் வாசித்தாள். “மார்ச் 24, 17 மணி 40.” பின்பு அவளும் பேசவில்லை. வியாழக்கிழமை ஐந்து நாற்பதுக்கு அவள் சந்தியிலுள்ள தனியார் வகுப்பிலே இருந்தாள். அவளைச் சைக்கிளிலே போகும்படி அனுப்பியவனே நான்.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். அலுவலகத்தாலே வந்து, மகள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு துணியை எடுத்து விசைப்பலகையிலே படிந்த தூசியைத் துடைத்தேன். இயந்திரத்தை நிறுத்தாமலே துடைத்தேன். இடக்கை கீழ்மூலையிலே அழுத்தியிருக்க, வலக்கை மேல் வரிசையைத் துடைத்தது. திடீரென்று படமெல்லாம் மறைந்து, கரிய திரையிலே ஒரு வரி. பதறிப்போய் மகனுடைய கொப்பியைப் புரட்டினேன். “படம் வராவிட்டால் ஸ்டார்ட்-எக்ஸ்” என்று ஒரு பக்கத்திலே இருந்தது. “அனுமதி போதாது என்று சொன்னால் முன்னாலே சூடோ” என்று வேறொரு பக்கத்திலே இருந்தது. சூடோ என்ற சொல்லை முன்னே இட்டால் அக்கட்டளை ரூட்டின் பெயராலே நிறைவேறும். அனுமதி போதாது என்று இயந்திரம் சொல்லும் வரை நான் காத்திருக்கவில்லை. எழுதத் தொடங்கு முன் பிள்ளையார் சுழி போடுவதுபோல, எந்தக் கட்டளைக்கும் முன்னாலே சூடோ போடுவது என் வழக்கமாகிவிட்டிருந்தது. போட்டேன். படம் வந்தது. என் திறமையை எண்ணி மகிழ்ந்தேன், தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தேன், இயந்திரத்தை நிறுத்தினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வதற்கு ஒரு சங்கதியும் நடக்கவில்லை என்றே நினைத்தேன்.

இதையெல்லாம் தொலைபேசியிலே மகனுக்குச் சொன்னேன். மகளும் மனைவியும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மறுமுனையிலே அவன் சிரித்தான். ஆயினும் மரியாதையாகவே சிரித்தான். அன்று படம் போகவேயில்லையாம். துடைத்த கை தற்செயலாக அந்த மூன்று விசைகளையும் அழுத்திப் பின்படலைக்கு வந்துவிட்டதாம். கொன்ட்ரோல், ஆல்ட், எப்-7 என்று அழுத்தியிருந்தால், விட்ட இடத்திலேயே படத்திரை நின்றிருக்குமாம்.

மருந்து நோயைவிட மிகச் சிறியது. கோப்புகளின் உரிமையாளரை மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அதை எழுத்தெழுத்தாக அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அந்த ஒரு கோப்பு மாத்திரமன்றி, வியாழனன்று ரூட்டின் பெயருக்கு மாறிப்போன வேறு சிலவும் இருக்கக்கூடும் என்று, எங்கள் வீட்டு அடைவு முழுவதையும் எங்கள் பெயருக்கே மீட்டோம். அதற்கும் முன்னாலே சூடோ போட வேண்டியிருந்தது. “இந்த முறை போடலாம்” என்றான். எப்-7. கடவுச்சொல். திரை ஒரு கணம் கறுத்தது. அந்தக் கணத்திலே நால்வரும், பேராதனையிலிருந்தவனையும் சேர்த்து, மூச்சு விடவில்லை. பின்னர், மேசைத்திரையிலே மகள் போட்டு வைத்திருந்த கீரிமலைக் கடற்கரைப் படம் வந்தது.

நேரம் ஏழு ஐம்பது. அவள் உடனே அமர்ந்து, மிகுதியாயிருந்த இரண்டு அட்டவணைகளையும் முடித்து, பென்ட்ரைவிலே பிரதி எடுத்தாள். எட்டு முப்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் இயந்திரத்தை ஒழுங்காக நிறுத்தினாள். மின்சாரம் போயிற்று. மனைவி விளக்கைக் கொளுத்தினாள். விளக்கு வெளிச்சத்திலே நான் மகளிடம், “பிள்ளை, பிழை என்னுடையது. வெள்ளிக்கிழமை நான் சொன்னது எல்லாம் பிழை” என்றேன். தந்தைமார் இவ்வாறு சொல்வது எங்கள் வீட்டிலே வழக்கமில்லை. என் தந்தையார் எனக்குச் சொன்னதாக நினைவில்லை. அவள் சற்று நேரம் விளக்கையே பார்த்தாள். “பென்ட்ரைவ் செருகினது உண்மைதான் அப்பா. ஆனால் அதாலே ஒன்றும் வரவில்லை” என்றாள். பின்பு எல்லோருமாகப் புட்டுச் சாப்பிட்டோம்.

லினக்ஸ் மின்ட் 19க்குரிய ஆதரவு 2023 சித்திரையோடு முடிந்துவிட்டது. மகன் விடுமுறையில் வந்து புதிய பதிப்பைப் போட்டுத் தந்தான். அதற்கு அடிப்படையாகிய உபுண்டுவிலே 2019 ஐப்பசியில் வந்த பதிப்பு முதற்கொண்டு, சூடோ போட்ட கட்டளை நம் வீட்டு அடைவை விட்டு ரூட்டின் சொந்த அடைவையே நாடுமாறு மாற்றிவிட்டார்களாம். என்னைப் போன்றவர்கள் வேறு நாடுகளிலும் இருக்கிறார்கள் போலும்.

கொப்பி இன்னும் மேசை லாச்சியிலே கிடக்கிறது. “படம் வராவிட்டால் ஸ்டார்ட்-எக்ஸ்” என்ற வரியை ஒருவர் சிவப்பு மையினாலே வெட்டிவிட்டு, அதன் கீழே அழகிய எழுத்திலே எழுதியிருக்கிறார்: “படம் வராவிட்டால் முதலிலே எப்-7. அதன் பிறகு அண்ணாவுக்கு அழைப்பு. விசைப்பலகை துடைப்பதானால் இயந்திரத்தை நிறுத்திய பின்னரே.” யாருக்காக எழுதியது என்று அதிலே குறிப்பிடப்படவில்லை.